பழைய ஜீப்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை அடுத்து, ஓரிக்கை என்றோர் ஊர் இருக்கிறது. அதன் பெயருக்கு ஒரு கதை உண்டு. பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்த, மாணவனைப் பிரிய மனமில்லாத திருமழிசையாழ்வாரும் அவனோடு புறப்பட்டார். ஆழ்வார் போகவே, திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னே நடந்தார். அன்றிரவு மூவரும் தங்கிய இடம் 'ஓரிரவிருக்கை'. அது மருவி ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் வந்து மன்னிப்பு வேண்டியதும் எல்லோரும் காஞ்சிக்குத் திரும்பிவிட்டனர்.

ஓரிரவுத் தங்கலால் பெயர்பெற்ற இவ்வூரில், ஒரு ஜீப் வண்டி பத்தொன்பது ஆண்டுகள் புளியமரத்தடியில் தங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டு அதை அழைத்துப்போக எவரும் வரவில்லை. அவ்வண்டி மீண்டும் ஓடிய வரலாற்றையும், அதை முன்னிட்டு ஜீப் என்னும் வண்டியின் வரலாற்றையும் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் இயந்திரம் கற்றவன் அல்லன். பள்ளியில் வரலாறும் ஆங்கிலமும் கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இவ்வேலையில் என்னை இழுத்துவிட்டவன் என் பழைய மாணவன் ஒருவன். பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பாடத்தில் சுமார்தான், ஆனால் பள்ளிக்கூடத்து அடிபம்பு நின்றால் அவனைத்தான் கூப்பிடுவோம். இன்று ஊருக்கு வெளியே சொந்தமாக ஒரு வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். 2019ஆம் ஆண்டு அந்த ஜீப்பை இரும்பு விலைக்கு வாங்கிப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். மறுநாள் காலை, எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையேட்டின் நகலோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான்.

"முழுக்க இங்கிலீஷ் ஐயா. நீங்க படிச்சுச் சொன்னா நான் செஞ்சுடுவேன்."

ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு இதைவிட இனிய அழைப்பு வேறென்ன? மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தோடு பட்டறையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கையேட்டில் முதலில் நான் கற்றது இதுதான். சாதாரணக் காரில் எஞ்சினின் ஆற்றல் இரு சக்கரங்களுக்கு மட்டுமே போகிறது. அவ்விரண்டும் சேற்றில் வீணே சுழன்றால் மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். ஜீப்பிலோ, கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து ஒரு தண்டு பின்னச்சுக்கும், ஒரு தண்டு முன்னச்சுக்கும் போகின்றன. ஓட்டுநர் காலருகே மூன்று கோல்கள் நிற்கும். ஒன்று வழக்கமான கியர். ஒன்று முன்னச்சை இணைப்பதற்கு. மூன்றாவது, வேகத்தைத் தணித்து இழுவையை இரு மடங்குக்கு மேல் கூட்டுவதற்கு. மணலும் மேடும் வந்தால் இவ்விரண்டு கோல்களையும் இழுத்துவிட்டு, மனிதன் நடக்கும் வேகத்தில் ஏறிப்போகலாம். ஆனால் கெட்டியான தார்ச்சாலையில் முன்னச்சை இணைத்தபடி ஓட்டலாகாது. வளைவுகளில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருளுகின்றன. மணலில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் அதற்கு இடமில்லாமல் தண்டுகளும் பல்சக்கரங்களும் முறுக்கேறித் தவிக்கும். எங்கள் வண்டியின் முன்னைய உடையவர் யாரோ இதை அறியாமல் ஓட்டியிருக்கிறார். பெட்டியைப் பிரித்தபோது பல்சக்கரத்தில் மூன்று பற்கள் மூளியாயிருந்தன.

இத்தகைய வண்டி எப்படிப் பிறந்தது? 1940ஆம் ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டு நின்ற காலம். அமெரிக்கத் தரைப்படை, எல்லா நிலத்திலும் போகக்கூடிய ஒரு சிறு வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு எழுதிற்று. முதல் மாதிரி வண்டியை 49 நாளில் தரவேண்டும் என்பது நிபந்தனை. எடை 1,300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 590 கிலோ, அதற்கு மிகலாகாது என்பது மற்றொன்று. இது நடவாத காரியம் என்று பின்னால் அவர்களே உணர்ந்து 2,160 பவுண்டாக உயர்த்தினர். விடையளித்தவை இரண்டே நிறுவனங்கள். பென்சில்வேனியாவில் பட்லர் என்னும் ஊரிலிருந்த பாண்டம் என்ற சிறிய நிறுவனம், நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரை அழைத்து அது வரைபடம் போடச் சொன்னது. இரண்டே நாளில் அவர் முதல் வரைபடங்களை முடித்தார் என்பார்கள். 1940 செப்டம்பர் 23ஆம் நாள், கெடு முடிவதற்குச் சற்று முன்பாக, அவ்வண்டி ஹோலபர்ட் முகாமின் வாயிலுக்குத் தானாகவே ஓடிச் சேர்ந்தது.

முதலில் செய்தவனுக்குப் பரிசு கிடைத்தது என்று நேயர்கள் எண்ணலாம். நடந்தது வேறு. பாண்டம் சிறிய நிறுவனம், அதனால் வேண்டிய அளவு செய்து தர இயலாது என்று கருதிய படைத்துறை, அதன் வரைபடங்களை வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு பெரிய நிறுவனங்களிடம் காட்டியது. வில்லிஸ் நிறுவனத்தின் 60 குதிரைத்திறன் எஞ்சினே மூன்றிலும் வலிமை மிக்கது. அதன் பொறியாளர் பார்னி ரூஸ் என்பவர், எடையைக் குறைப்பதற்காகத் திருகாணிகளின் நீளத்தைக்கூட வெட்டினாராம். முடிவில் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர்க்காலத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. பாண்டம் நிறுவனம் வண்டிகளின் பின்னால் இணைத்து இழுக்கும் தொடர்வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது. வரலாற்றில் இத்தகைய அநீதிகளுக்குக் குறைவில்லை. ஃபோர்டு நிறுவனம் தான் செய்த திருகாணிகளிலும் 'எஃப்' என்னும் எழுத்தைப் பொறித்துவிட்டது. இன்றும் பழைய வண்டிகளை ஆராய்வோர் பூதக்கண்ணாடி வைத்து அவ்வெழுத்தைத் தேடுகிறார்கள். ஜீப் என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் இன்றுவரை வழக்கு ஓயவில்லை. படைத்துறைக் குறியீட்டு எழுத்துகளிலிருந்து வந்தது என்பார் ஒருசாரார், 1936இல் ஒரு சித்திரக் கதையில் தோன்றிய எங்கும் போகவல்ல விந்தைப் பிராணியின் பெயரே அது என்பார் மறுசாரார்.

இந்தியாவுக்கு ஜீப் படையோடு வந்தது. பிறகு வணிகத்தோடு தங்கிவிட்டது. 1945இல் மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மது என்பவரும் கூட்டாக ஓர் உருக்கு வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். தேசப் பிரிவினையின்போது குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனத்தின் பெயர் 1948இல் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. வில்லிஸ் ஜீப்புகளைப் பகுதி பகுதியாகக் கப்பலில் இறக்கி, பம்பாயில் மஸகான் என்னுமிடத்தில் அவர்கள் பூட்டினர். முதலில் பூட்டியவை 75 வண்டிகள். பிறகு படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யத் தலைப்பட்டனர். எங்கள் வண்டியும் அவ்வாறு பிறந்ததே. உயர்ந்த மூக்குடைய 'சி.ஜே. 3பி' என்னும் வகை. தகட்டில் கண்ட ஆண்டு 1964.

தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஜீப்பைக் கொண்டுவந்தவர் படைவீரர் அல்லர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் சமூக நலத் திட்டம் தொடங்கிற்று. வட்டார வளர்ச்சி அதிகாரி என்றோர் அதிகாரி தோன்றினார். அவரோடு ஜீப்பும் தோன்றிற்று. ஜீப் வந்தால் சர்க்கார் வந்தது என்று பொருள். விதை, உரம், குடும்ப நலம், கிணறு, கடன், எல்லாம் அந்தத் தகர வண்டியில்தான் வந்திறங்கின. 1968 என்று நினைக்கிறேன். நான் ஒன்பது வயதுச் சிறுவன். பாலாற்று மணலில் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு இறங்கிக் கரையேறியதைக் கூட்டமாய் நின்று கண்டோம். கட்டை வண்டிக்காரர்கள் காளையின் வாலை முறுக்கி மூச்சிரைக்கும் இடத்தில், அது ஒருவர் துணையும் இன்றி ஏறியது. வியப்பு அரை நாழிகைகூட நீடிக்கவில்லை. அதிலிருந்து இறங்கியவர்கள் அம்மை குத்த வந்தவர்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நாற்புறமும் ஓடினோம். நான் ஒளிந்த இடம் எங்கள் வீட்டுத் தறிக்குழி. என் பாட்டியே காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அந்தத் தழும்பு இன்றும் என் இடக்கையில் இருக்கிறது. பெரியம்மை இந்தியாவில் 1975இல் கடைசியாகக் காணப்பட்டு, 1977இல் ஒழிந்ததாகச் சான்று பெற்றது. அதற்குரிய புகழில் ஒரு பங்கு ஜீப்புக்கும் சேரவேண்டும்.

இனிப் பட்டறைக்குத் திரும்புவோம். வெளிப்பார்வைக்கு எங்கள் வண்டி அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை. சிவப்புச் சாயம் வெளுத்திருந்தது, அவ்வளவே. என் மாணவன் சுத்தியலின் பின்புறத்தால் அடித்தளத்தைத் தட்டினான். 'டங்' என்று ஒலிக்கவேண்டிய இடம் 'தொப்' என்றது. சுரண்டிப் பார்த்தால் விரற்கடை கனத்துக்குப் பட்டி. அதனடியில் எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டிய தகடு. அதனடியில் தரை தெரிந்தது. சேசின் வலப்புறத்தில் ஒரு சாண் நீள விரிசல். அதன்மேல் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, சாயமும் அடித்து யாரோ விற்றிருக்கிறார்கள்.

அன்று அந்த விரிசலைப் பார்த்தபோது எனக்கு 1948ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. காஷ்மீரப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். நம் படைக்கு ஜீப்புகள் உடனே தேவைப்பட்டன. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், பழுதுபார்த்துப் புதுப்பித்த 2,000 ஜீப்புகளுக்கு ஒரு சிறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். பெருந்தொகை முன்னதாகவே கொடுக்கப்பட்டது. கப்பலேற்றுமுன் சோதிக்கும் ஏற்பாடு தளர்ந்தது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். அவையும் படையின் உபயோகத்துக்கு ஆகாதவை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பெரிய ஊழல் வழக்காக 'ஜீப் விவகாரம்' நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டது. பொதுக் கணக்குக் குழு கண்டித்தது. 1955இல் அரசு அத்துடன் அதை முடித்துக்கொண்டது. 1956இல் மேனன் மத்திய அமைச்சரானார். அவர் தமக்கென்று ஆதாயம் தேடினார் என எவரும் மெய்ப்பித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். எனினும், 'புதுப்பித்தது' என்ற ஒரு சொல்லை நம்பி, பூச்சுக்கு அடியில் சுத்தியலால் தட்டிப் பாராமல் ஒரு தேசமே ஏமாந்தது. என் மாணவன் இக்கதையைக் கேட்டுவிட்டு, "ஒரு மெக்கானிக்கைக் கப்பல்ல அனுப்பியிருந்தா போதும் ஐயா" என்றான்.

விரிசலை எப்படிச் சீர்செய்வது என்பதில் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. அவன் தந்தை, எண்பதைக் கடந்த நெசவாளர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தறியில் ஒரு பாவு முடிந்ததும் அதை அறுத்தெறிந்துவிட மாட்டார்கள். பழைய பாவின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். "இத்துப்போன இழையில முடிச்சுப் போட்டா நிக்குமாடா? நல்ல இழை வர்ற வரைக்கும் வெட்டிட்டு முடி" என்றார் பெரியவர். அவ்வாறே செய்தோம். கெட்டுப்போன இரும்பையெல்லாம் நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டி எடுத்து, அதே கனமுள்ள தகட்டை அளந்து வளைத்துப் பற்றவைத்தான். பின் குறுக்குச் சட்டம் முழுவதும் புதிது. வில் பட்டைகளைக் கொல்லுலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றினோம். முன்னச்சின் இரு முனைகளிலும் உள்ள உருண்டைகளைத் திறந்தால், கிரீஸும் ஆற்று மணலும் கலந்து சந்தனம்போல் இழைந்திருந்தன. அந்த மணல் எந்த ஆற்றுடையதோ! ஒவ்வொரு திருகாணிக்கும் சீட்டெழுதி டின்களில் போட்டு, பள்ளி இருப்புப் பதிவேட்டைப் போல நான் பதிந்துவந்தேன். இடையில் கொரோனா ஊரடங்கு வந்து, பல மாதங்கள் பட்டறை மூடிக்கிடந்தது. பல்சக்கரம் கோவையிலிருந்து வந்து சேரவே எட்டு மாதம் ஆயிற்று.

எங்களுக்குள் முதல் சச்சரவு எஞ்சினைப் பற்றியது. 1987இல் யாரோ பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தார்கள். வரலாறு கற்பித்தவன் ஆதலால், ஆதியில் இருந்த பெட்ரோல் எஞ்சினே வேண்டுமென்று நான் வாதாடினேன். அவன் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டினான். எஞ்சின் மாற்றம் அதில் முறைப்படி பதிவாகியிருந்தது. "பதிமூணு வருசம் இந்த டீசல்லதான் ஐயா இது சோறு போட்டிருக்கு. அதுவும் சரித்திரந்தானே?" என்றான். என்னிடம் விடை இல்லை. மேலும், 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென விதிகள் வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டியை, பெரிய மாற்றமின்றி ஆதி உருவில் இருந்தால், தனி வகையில் பதியலாம். ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, எண்ணெய் நிரப்புதல், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கன்றிச் சாலையில் எடுக்கலாகாது. காட்டுப் பாதைக்கென்று பிறந்த வண்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா? அந்தப் பதிவு வேண்டாமென்று இருவரும் ஒருமித்தோம். சாதாரணப் பதிவையே, தகுதிச் சோதனைக்குக் காட்டி, பாக்கி வரியும் பசுமை வரியும் கட்டி, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தான்.

இரண்டாம் சச்சரவு பெரிது. வண்டி ஓடத் தொடங்குமுன்பே சென்னையிலிருந்து ஒருவர் வந்து நாலரை லட்சம் தருவதாகச் சொன்னார். நிபந்தனை ஒன்றுதான்: படைப் பச்சை அடித்து, எஞ்சின் மூடியில் அமெரிக்க வெள்ளை நட்சத்திரம் போடவேண்டும், யுத்த ஜீப் போல இருக்கவேண்டும். என் மாணவனின் மகள் அவ்வாண்டு கல்லூரியில் சேரவேண்டியவள். அவனுக்குப் பணம் தேவை. 1964இல் பிறந்த வண்டி எந்தப் போரைக் கண்டது என்று நான் கேட்டேன். கேட்கும்போதே, அவன் மகளுக்குச் சம்பளம் கட்டப்போவது நான் அல்லன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவன் ஆளனுப்பினான். பச்சை அடிப்பதற்காக இடப்பக்கத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கையில் சிவப்பின் கீழே மஞ்சள் வந்தது. மஞ்சளின் கீழே சாம்பல் நிறம். அதில் வெள்ளை எழுத்துகள். 'ஊராட்சி ஒன்' என்ற மட்டும் இருந்தது, மீதி பெயர்ந்துவிட்டது. பெயர்ந்த இடத்தில், இன்னும் கீழான பூச்சில், வேறொரு கை எழுதிய எழுத்து: '…யத்து யூனியன்'. பஞ்சாயத்து யூனியன் என்று எழுதியிருந்ததை அழித்து, பின்வந்தவர்கள் ஊராட்சி ஒன்றியம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே அலுவலகம், ஒரே வண்டி, இடையில் தமிழ்நாட்டின் ஆட்சிச் சொற்கள் மாறியிருக்கின்றன. நான் பள்ளியில் பல ஆண்டு சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு சாண் தகட்டில் இருந்தது. எந்த ஒன்றியம் என்பது மட்டும் போய்விட்டது. என்னைத் தறிக்குழியிலிருந்து வெளிவரச் செய்த ஜீப் இதுவாகவே இருக்கலாம் என்று மனம் ஆசைப்பட்டது. அதற்குச் சான்று ஏதுமில்லை. ஆகவே அதை நான் வரலாறாகச் சொல்ல மாட்டேன்.

அவன் நெடுநேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சென்னைக்காரரிடம் தொலைபேசியில் பேசினான். வண்டி பழைய சாம்பல் நிறத்தைப் பெற்றது. எழுத்திருந்த ஒரு சாணை மட்டும் தொடாமல் விட்டு, மேலே நிறமற்ற வார்னிஷ் பூசினான். மகளின் சம்பளத்துக்கு வங்கியில் கடன் வாங்கினான்; இன்றும் தவணை கட்டிவருகிறான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நான் அன்று வாய் திறவாமலே இருந்திருக்கலாமோ என்று சில இரவுகளில் நினைப்பதுண்டு.

2023 பிப்ரவரியில், ஆரணி, போளூர் வழியாக ஜவ்வாது மலைக்குப் போனோம். தார்ச்சாலை முடிந்த இடத்தில் நிறுத்தி, "இப்ப நீங்க இழுங்க ஐயா" என்றான். கோலை இழுத்தேன். எங்கோ அடியில் பல்லோடு பல் பொருந்தும் ஒலி கேட்டது. கல்லும் வேருமாய்க் கிடந்த ஊர்ப் பாதையில், வண்டி அவசரமே இல்லாமல், யானையைப் போல ஏறிற்று. காப்புக்காட்டுக்குள் போகவில்லை, அதற்கு அனுமதி இல்லை. மலையூர் மக்கள் நடக்கும் பாதையே எங்களுக்குப் போதுமான சோதனையாய் இருந்தது.

ஒரு திருப்பத்தில், சாமை மூட்டையை இறக்கிவைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். வண்டியைக் கண்டதும் எழுந்தார். அருகே வந்து, வார்னிஷுக்கு அடியிலிருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒன்றியத்து வண்டியா? ரோடு அளக்க வந்தீங்களா?"

என் மாணவன் என்னைப் பார்த்தான். இல்லை என்று சொல்லவேண்டியது என் கடமை, சொன்னேன். அவர் முகம் சிறிது வாடிற்று. பிறகு நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அவர் ஊரின் பெயரையும், பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும், மழையில் எவ்விடம் அறுத்துக்கொண்டு போகிறது என்பதையும் கேட்டு, ஒரு மனுவுக்கு வேண்டிய குறிப்புகளை எழுதிக்கொண்டேன். அதற்குள் அவன் மூட்டையைப் பின்புறம் ஏற்றியிருந்தான். பெரியவர் முன்னிருக்கையில் அமர்ந்தார். அவர் ஊர் இன்னும் மூன்று கிலோமீட்டர் மேலே இருந்தது.